‘பழக்கம்’ என்றால் போதை இல்லையா?

எமது சமூகத்தில் ‘போதை’ என்பது அடுத்த வீட்டுக்காரனுக்கென்று ஒதுக்கி வைக்கப்பட்ட சொல். நம் வீட்டில் நடப்பதற்கு அந்தச் சொல்லை நாம் பாவிப்பதில்லை. அதற்கு ‘பழக்கம்’ என்று வேறொரு சொல் வைத்திருக்கிறோம். ஐஸ் பாவிக்கும் பையன் போதைக்கு அடிமை. நாளொன்றுக்குப் பதினைந்து இருபது வாய் வெற்றிலை போடும் அவனுடைய மூத்தம்மாவுக்கு வெற்றிலைப் பழக்கம். அரைப் பெட்டி சிகரட்டை ஊதித் தள்ளும் வாப்பாவுக்குச் சிகரட் பழக்கம். இரவு இரண்டு மணிவரை கைத்தொலைபேசியைத் தடவிக்கொண்டு கிடக்கும் காக்காவுக்கு ‘சும்மா ஒரு பழக்கம்’. ஒரே கூரையின் கீழ் நான்கு பேர் ஏதோவொன்றின் பிடியில் இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவனுக்கு மாத்திரம் பொலிஸ். மற்ற மூவருக்கும் கதிரை போட்டு மரியாதை.

நான் சொல்ல வருவது இதுதான். நம் வாயிலும் கையிலும் இருப்பதை அதன் உண்மைப் பெயரால் அழைக்காதவரை, நம் பிள்ளைகளிடம் ஐஸைப் பற்றிப் பேசும் தகுதி நமக்கு வராது. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். “ஐஸையும் வெற்றிலையையும் ஒரே தராசில் வைக்கிறாரா இந்த வாத்தியார்?” என்று கேட்பார்கள். வைக்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பிறகு வருகிறேன். முதலில் நாம் நடத்தும் கூத்தைப் பார்ப்போம்.

அண்மைக் காலமாக எங்கள் பிரதேசத்தில் போதை ஒழிப்பு நிகழ்வுகளுக்குக் குறைவில்லை. வெயில் ஏறிய பிறகு பாடசாலைப் பிள்ளைகளை வீதியில் இறக்கி, கையில் பதாகை கொடுத்து, ஊரைச் சுற்றி நடக்க வைக்கிறோம். பிறகு கூட்டம். அதன் பிறகு, இலக்கிய ஆர்வமுள்ள ஊராக இருந்தால், கவியரங்கு. அவ்வாறான கவியரங்கொன்றில் நானும் பார்வையாளனாக இருந்தேன். மேடையில் ஆறு கவிஞர்கள். நடுவில் வெற்றிலை வட்டா. ‘போதை அரக்கனை’ அடுக்குமொழியில் வெட்டிச் சாய்த்த கவிஞர் ஒருவர், கைதட்டல் ஓயுமுன் மேடைக்குப் பின்னால் போய்த் துப்பிவிட்டு வந்தார். முன்வரிசையில் இருந்த தரம் 9 மாணவன் பக்கத்திலிருந்தவனைப் பார்த்துச் சிரித்தான். அன்றைய நிகழ்வில் உண்மையை விளங்கிக்கொண்டவன் அவன் ஒருவன்தான் என்பது என் எண்ணம்.

கடைக்கு வருவோம். சிகரட்டையும் மதுவையும் 21 வயதுக்குட்பட்டவருக்கு விற்பது 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். புகையிலை, மதுசாரம் தொடர்பான தேசிய அதிகார சபையை உருவாக்கிய அதே சட்டந்தான் இது. ஆனால் நம் ஊர்களில் பின்னேரமானால் பத்து வயதுப் பையன் காசைப் பொத்திக்கொண்டு கடைக்கு ஓடுகிறான். “வாப்பாவுக்கு ரெண்டு சிகரட்.” கடைக்காரர் மறுத்தால் வாப்பாவே வந்து சண்டை பிடிப்பார். கடைக்காரரைக் குற்றவாளியாக்குவதும், மகனுக்கு அந்த வழியைப் பழக்குவதும் ஒரே ஆள்தான். சிகரட் பெட்டியின் 80 சதவீதப் பரப்பில் படத்துடன் எச்சரிக்கை இருக்க வேண்டும் என்று 2015இல் சட்டம் திருத்தப்பட்டது. அழுகிய வாயையும் கருகிய நெஞ்சையும் காட்டும் அந்தப் படங்களுக்காக நீதிமன்றம்வரை போய்ப் போராட வேண்டியிருந்தது. ஆனால் ஒன்றிரண்டாகச் சிகரட் வாங்குகிறவன் பெட்டியைக் காண்பதில்லை. படம் கடைக்காரரின் மேசைக்குள் கிடக்கிறது.

அடிமையாதல் என்றால் என்ன என்பதைப் பற்றிக் கொஞ்சம் தெளிவு வேண்டும். இல்லையென்றால் எல்லாவற்றையும் போதை என்று கத்துவதும் எதையும் போதை என்று ஏற்காததும் ஒன்றாகிவிடும். நான் பெரிய வைத்திய நூல்களுக்குள் போகவில்லை. நான்கு அடையாளங்கள் போதும். ஒன்று, அளவு கூடிக்கொண்டு போவது. இரண்டு, கிடைக்காதபோது உடலும் மனமும் குழம்புவது. மூன்று, கெடுதி என்று நன்றாகத் தெரிந்தும் விட முடியாமலிருப்பது. நான்கு, குடும்பம், தொழில், உறக்கம், தொழுகை எல்லாம் அதற்குப் பின்னால் தள்ளப்படுவது. காலையில் பிளேன்டீ குடிக்காவிட்டால் பலருக்குத் தலை இடிக்கிறது. அது இரண்டாவது அடையாளம் மாத்திரமே. பிளேன்டீக்காக மகளின் தோட்டை அடகு வைத்தவரை நான் கண்டதில்லை. ஆகவே தேநீரை விட்டுவிடுவோம்.

சிகரட்டை அப்படி விட முடியாது. ஒரு சிகரட்டின் விலை நூறு ரூபாயைத் தாண்டிவிட்டது. நாளொன்றுக்குப் பத்து ஊதுகிறவர் குறைந்தது ஆயிரம் ரூபாயை எரிக்கிறார். மாதத்துக்கு முப்பதாயிரம். வயல்கூலிக்குப் போகிறவர், மூட்டை தூக்குகிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர் ஆகியோரின் வீடுகளிலிருந்து போகும் காசு அது. சாதாரணதரம் எழுதப்போகும் மகளின் டியூசன் காசுக்கு ‘அடுத்த மாதம் பார்ப்பம்’ என்று சொல்லும் அதே சட்டைப்பையிலிருந்துதான் அது போகிறது. புகையை இழுத்துப் பத்து இருபது செக்கன்களுக்குள் நிக்கொட்டின் மூளையை அடைந்துவிடுகிறது. கை நீட்டியவுடன் கிடைக்கும் கூலி அது. மாதம் முடிந்து வரும் எந்தச் சந்தோசத்தாலும் அதோடு போட்டி போட முடிவதில்லை. மனிதனை அது பிடித்துவைக்கும் இரகசியம் இந்த வேகத்தில் இருக்கிறது. ஊதுகிறவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவர் பிடிபட்டவர். அதை ஏற்க மறுத்துப் ‘பழக்கம்’ என்று பெயர் வைத்துக்கொள்வதைத்தான் கண்டிக்கிறேன்.

இனி வெற்றிலை. இங்கேதான் எம்மவரின் கோபம் உச்சத்துக்கு ஏறும். “வெற்றிலை நமது பண்பாடு” என்பார்கள். கலியாண வீட்டில் வட்டா, வீட்டுக்கு வந்தவருக்கு வட்டா, பேச்சுவார்த்தைக்கு வட்டா. உண்மைதான். 1344இல் இத்தீவுக்கு வந்த இப்னு பதூதா தமது பயண நூலில் வெற்றிலையைப் பற்றி எழுதியிருக்கிறார். விருந்தாளிக்கு வெற்றிலை கொடுப்பது எவ்வளவு பெரிய கௌரவமாகக் கொள்ளப்பட்டது என்பதை வியப்போடு பதிவு செய்தவர் அவர். பண்பாட்டுக்காரர்கள் அவரைச் சாட்சிக்கு அழைக்கட்டும். ஆனால் அவர் கண்ட வெற்றிலையில் புகையிலை இல்லை. இருந்திருக்கவும் முடியாது. புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கேயர் கடல்கடந்து வந்த பின்னரே அது நமது பக்கத்துக்கு வந்தது. ஆக, கூறுக்குள் புகையிலைத் துண்டு ஒன்றை மடித்து வைத்துக்கொண்டு ‘ஆயிரம் வருடப் பண்பாடு’ என்று சொல்வது வரலாற்றுப் பொய். அந்நியன் கொண்டுவந்து நம் வாய்க்குள் வைத்ததை நாம் நம் மூதாதையரின் சொத்தாக்கிவிட்டோம்.

புகையிலையை எடுத்துவிட்டால் சரிதானே என்பார்கள். அதுவும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் பிரான்சின் லியோன் நகரில் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம், 2004இல் வெளியிட்ட தனது 85ஆவது தொகுதியில் பாக்கைத் தனியாக எடுத்து ஆராய்ந்திருக்கிறது. புகையிலை கலக்காத வெற்றிலைக் கூறும், பாக்கும் மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் என்பதே அதன் முடிவு. அந்த முகவரகம் முதலாம் தொகுதி என்று வகைப்படுத்தும் பொருட்கள், சந்தேகத்துக்கு அப்பாற்பட்டவை. சிகரட்டும் அந்தத் தொகுதியில்தான் இருக்கிறது. பாக்கில் உள்ள அரெக்கோலின் என்ற பொருள் நரம்புகளைத் தூண்டி உற்சாகம் தருகிறது. உடம்பில் ஒரு சூடு ஏறுகிறது, நெற்றி வியர்க்கிறது, வேலைக் களைப்பு மறக்கிறது. சுண்ணாம்பின் காரம் அதை வாயின் சவ்வுக்குள் விரைவாக ஏற்றிவிடுகிறது. உலகில் நிக்கொட்டின், மதுசாரம், தேநீரிலும் கோப்பியிலும் உள்ள கஃபைன் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக அதிகம் பேர் பாவிக்கும் மனத்தூண்டல் பொருள் பாக்கு என்று சொல்லப்படுகிறது. இவ்வளவையும் செய்யும் ஒன்றைப் ‘பாக்குத்தானே’ என்று நாம் சொல்கிறோம்.

இலங்கை ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடத்தில் இருப்பது வாய்ப்புற்றுநோய். பல வருடங்களாக அதுதான் நிலைமை. உலகின் பெரும்பாலான நாடுகளில் அப்படி இல்லை. நமக்கு மாத்திரம் ஏன் இந்தச் சிறப்பு என்று கேட்டால், பதில் நம் வட்டாவுக்குள் இருக்கிறது.

எனது வகுப்பில் தரம் 10 மாணவன் ஒருவன். நன்றாகப் பந்து வீசுவான். இடைவேளையில் பணிஸைச் சிறுசிறு துண்டுகளாகப் பிய்த்துப் பிய்த்துத் தின்பதைக் கண்டு ஏனென்று கேட்டேன். “வாய் பெரிசாத் திறக்குது இல்ல சேர்” என்றான். கடையில் சிறு பைக்கற்றில் விற்கும் பாபுலை அவன் தரம் 7இலிருந்தே வாங்கி மென்றிருக்கிறான். இனிப்பும் வாசனையும் போட்டுச் சிவப்பாக்கிய பாக்குத்தான் பாபுல். அவனுடைய உம்மாவை அழைத்துச் சொன்னேன். அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். “என்ன சேர், கஞ்சாவா அடிச்சான்? பாக்குத்தானே!” எப்படியோ சம்மதிக்கவைத்து வைத்தியசாலைப் பற்சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினோம். வாயின் உட்சவ்வு நார்போல இறுகிவருகிறது என்றார்கள். பாக்கை உடனே நிறுத்த வேண்டும், நிறுத்தினாலும் இறுகியது முழுதாக இளகிவிடாது, புற்றுநோயாக மாறுகிறதா என்று தொடர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். பதினைந்து வயது. அவனை எந்தப் பொலிசும் தேடவில்லை. எந்தக் கவியரங்கும் அவனைப் பாடவில்லை.

இதைப் படிக்கும் வாசகர் ஒவ்வொருவரும் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்த்து, மேல் கீழ் முன்பற்களுக்கிடையில் நிறுத்திப் பாருங்கள். சாதாரணமாக மூன்று விரலும் போக வேண்டும். உங்கள் வீட்டில் வெற்றிலை, பாபுல் போடுகிற எல்லோரையும் செய்யச் சொல்லுங்கள். மூன்று போகாதவர், வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைத் தழும்போ சிவப்புத் தழும்போ உள்ளவர், காரம் பட்டால் வாய் எரிகிறவர் நாளைக்கே பல் வைத்தியரிடம் போகட்டும். ஆரம்பத்தில் கண்டால் காப்பாற்றலாம். மஹரகம வைத்தியசாலைக்குப் பிந்திப் போனவர்களின் கதைகள் நம் ஒவ்வோர் ஊரிலும் இருக்கின்றன.

“என்னுடைய உம்மம்மா தொண்ணூறு வயதுவரை வெற்றிலை போட்டவ. என்ன நடந்தது?” என்று கேட்பவர்கள் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார்கள். நியாயமான கேள்விதான். பதிலும் எளிது. ரயில் கடவையில் கண்ணை மூடிக்கொண்டு கடந்தவர்கள் எல்லோரும் அடிபட்டு மௌத்தாகிவிடவில்லை. தப்பியவர்கள் வந்து கதை சொல்கிறார்கள். தப்பாதவர்கள் கதை சொல்ல வருவதில்லை. தொண்ணூறு வயது உம்மம்மாவை ஞாபகம் வைத்திருக்கிறவர், அறுபதில் தாடையை வெட்டி எடுத்த அவருடைய சகோதரரை ஏன் மறந்துவிடுகிறார்?

புகையிலை கலந்த மெல்லும் பொருட்களின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனையை அரசு 2016இல் வர்த்தமானி மூலம் தடைசெய்தது. வரவேற்க வேண்டிய காரியம். ஆனால் புகையிலை போன இடத்தில் பாக்கு அப்படியே இருக்கிறது. பைக்கற்றின் நிறம் மாறுகிறது, பெயர் மாறுகிறது. சட்டத்தால் பைக்கற்றைப் பறிக்க முடியும். ‘பாக்குத்தானே’ என்ற சொல்லை நாம்தான் பறிக்க வேண்டும்.

ஹராமா மக்ரூஹா என்ற விவாதத்துக்குள் நான் போக மாட்டேன். அது மார்க்க அறிஞர்களின் வேலை. ஆனால் ஓர் ஆசிரியனாக நான் அவதானித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ரமழானில் அஸருக்குப் பிந்திய நேரத்தில் நம் ஊர்த் தெருக்களைப் பாருங்கள். சின்ன விசயத்துக்கும் வாய்த்தர்க்கம். வீட்டில் பிள்ளைகள் வாப்பாவின் கண்ணில் படாமல் ஒதுங்கித் திரிகிறார்கள். “நோன்புக் களைப்பு” என்று சமாதானம் சொல்கிறோம். எல்லாம் நோன்புக் களைப்பல்ல. அதே நோன்பை நோற்றுக்கொண்டு, அதே வெயிலில் நின்று, இப்தாருக்குச் சமைக்கும் பெண்ணிடம் அந்தச் சினம் ஏன் இல்லை? அவருடைய கணவரின் கைநடுக்கமும் எரிச்சலும் நிக்கொட்டின் கேட்கும் உடம்பின் கூப்பாடு. மஃரிபுக்குப் பேரீச்சம்பழம் தொண்டையால் இறங்குமுன் சிலர் பள்ளிவாசல் மதிலுக்கு வெளியே நிற்கிறார்களே, அதைக் கண்டும் நாம் நோன்பின்மேல் பழியைப் போடலாமா?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஸஹரிலிருந்து மஃரிப்வரை பதின்மூன்று மணித்தியாலத்துக்கும் மேலாக ஊதாமல், மெல்லாமல் இருக்க முடிகிறது. அப்படியென்றால் ‘விடவே முடியாது’ என்பது உண்மையில்லை. நிக்கொட்டினை நிறுத்தியவருக்கு முதல் இரண்டு மூன்று நாட்களே மிகக் கடினமானவை. பிறகு வாரக்கணக்கில் தணிந்துகொண்டு வரும். ஆனால் நோன்பாளி ஒவ்வொரு நாளும் அந்தக் கடினத்தின் வாசல்வரை போய்விட்டு, மஃரிபோடு திரும்பி வந்துவிடுகிறார். முப்பது நாளும் ஏறாத மேட்டை முப்பது தடவை பாதிவழி ஏறி இறங்குகிறார். ஒரே ஒரு ரமழானில் இரவையும் பகலோடு சேர்த்தால் பெருநாளன்று அவர் வேறு மனிதர். இதைக் குத்பாவில் ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

வாய்க்குள் போகும் பொருட்களைப் பற்றியே இதுவரை பேசினேன். ஒரு பொருளும் உடம்புக்குள் போகாமலேயே மனிதன் பிடிபடுவான் என்பதை ஆசிரிய கலாசாலையில் கல்வி உளவியல் படித்த எல்லோரும் அறிவோம். ஸ்கின்னரின் புறாக்களை மறந்துவிட்டோமா? பொத்தானைக் கொத்தினால் தானியம் விழும் பெட்டிக்குள் அவர் புறாவை விட்டார். ஒவ்வொரு கொத்துக்கும் தானியம் கொடுத்துப் பழக்கிவிட்டு நிறுத்தினால், புறா சில தடவை கொத்திப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறது. எத்தனையாவது கொத்துக்குத் தானியம் விழும் என்பது தெரியாதபடி மாற்றிவிட்டால் ஓயாமல் கொத்துகிறது. தானியத்தை நிறுத்திய பிறகும் நெடுநேரம் கொத்துகிறது. ஃபேர்ஸ்டருடன் சேர்ந்து 1957இல் அவர் வெளியிட்ட நூல் முழுவதும் இந்தக் கணக்குத்தான். வகுப்பில் பரிசும் பாராட்டும் எப்படிக் கொடுப்பது என்று படிப்பிக்கத்தான் நமக்கு அதைச் சொல்லித் தந்தார்கள். சூதாட்ட இயந்திரம் இயங்குவதும் அதே கணக்கில்தான். இன்று அந்தப் பெட்டி நம் எல்லோருடைய சட்டைப்பையிலும் இருக்கிறது. விரலால் தள்ளத் தள்ள அடுத்தது வருகிறது. பத்தில் ஒன்று சிரிப்பு மூட்டுகிறது. எந்தப் பத்தாவது என்று தெரியாது. ஆகவே தள்ளிக்கொண்டே இருக்கிறோம்.

கைத்தொலைபேசியே கூடாது என்று நான் சொல்லவில்லை. கடல்கடந்து கட்டாரிலும் சவூதியிலும் இருக்கும் கணவனின் முகத்தைப் பார்க்கும் மனைவிக்கு அது ஒரு நிஃமத். கொவிட் காலத்தில் 2020, 2021இல் பாடம் நடத்தியதும் அதில்தான். ஆனால் விளையாட்டில் கட்டுப்பாட்டை இழத்தலை உலக சுகாதார நிறுவனமே ஒரு நோய்நிலையாக ஏற்றிருக்கிறது. 2019இல் அங்கீகரிக்கப்பட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த நோய்களின் 11ஆவது சர்வதேச வகைப்படுத்தலில் அது இடம்பெற்றுள்ளது. விளையாடுகிற எல்லோரும் நோயாளிகள் என்று அதற்கு அர்த்தமில்லை. விளையாட்டு படிப்பையும் உறக்கத்தையும் உறவையும் தின்னத் தொடங்கியும் நிறுத்த முடியாதவரையே அது குறிக்கிறது. என் வகுப்பில் முதற்பாட நேரத்தில் தலை சாய்ந்து உறங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இரவு ஒரு மணி, இரண்டு மணிக்கு உறங்கியவர்கள். பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொன்னபோது முறைப்பாடுகள் குவிந்தன. “ஃபோனை வாங்கினா அடிக்க வாறான் சேர்.” சொல்லிக்கொண்டிருந்த தந்தையின் கையிலிருந்த கைத்தொலைபேசி இரண்டு தடவை ஒளிர்ந்தது. இரண்டு தடவையும் அவர் குனிந்து பார்த்தார்.

இப்போது அந்தப் பெரிய கேள்விக்கு வருகிறேன். இப்படி எல்லாவற்றையும் சேர்த்தால் ஐஸின் கொடுமை சிறிதாகிவிடாதா? ஐஸ் என்கிற மெத்தம்பெட்டமின் ஒரு பையனின் உறக்கத்தை, பசியை, புத்தியை மாதக்கணக்கில் அழித்துவிடக்கூடியது. வெற்றிலை அப்படிச் செய்வதில்லை. இந்த வித்தியாசத்தை மறுப்பவன் மூடன். ஆனால் அழிக்கும் வேகத்தில்தான் வித்தியாசம் இருக்கிறது. எண்ணிக்கையைப் பார்த்தால் உலகில் வருடமொன்றுக்கு 70 இலட்சத்துக்கும் அதிகமானோரைப் புகையிலை கொல்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. சட்டவிரோதப் போதைப்பொருட்கள் எல்லாம் சேர்ந்தும் அதற்குக் கிட்ட வரவில்லை. மெதுவாகக் கொல்வது கொலையில்லை என்றாகிவிடுமா?

இதைவிட முக்கியமான காரணம் இன்னொன்று. ஒரு பிள்ளை போதையைக் கற்றுக்கொள்வது ஐஸ் விற்பவனிடமிருந்தல்ல. கவலை வந்தால், களைப்பு வந்தால், பொழுது போகாவிட்டால், மனிதன் எதையாவது வாயில் வைத்துக்கொள்வான் அல்லது கையில் எடுத்துக்கொள்வான் என்ற பாடத்தை அவன் வீட்டில்தான் படிக்கிறான். எல்லாப் பிள்ளைகளும் அந்தப் பாடத்தோடு ஐஸுக்குப் போய்விடுவதில்லை. போகிற பிள்ளையைத் தடுக்க நாம் வாய் திறக்கும்போதோ அவன் நம் வாயைத்தான் பார்க்கிறான். “வாப்பாவும் போடுறார்தானே சேர்” என்று ஒருவன் வகுப்பில் எழுந்து சொன்னால், அந்த வகுப்புக்கு அன்று பாடம் முடிந்துவிட்டது.

தண்டனையில் நமக்கு நம்பிக்கை அதிகம். ஹெரோயின் இந்த நாட்டில் பரவத் தொடங்கிய காலத்தில், 1984ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தினால் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை அமைக்கப்பட்டது. நஞ்சுகள், அபின் மற்றும் அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, ஐந்து கிராமும் அதற்கு மேலும் ஐஸ் வைத்திருந்தால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்றாகியது. 2023 டிசம்பரில் ‘யுக்திய’ நடவடிக்கை தொடங்கிப் பல்லாயிரக்கணக்கானோர் கைதானார்கள். நம் ஊர்க் கூட்டங்களிலும் “தூக்க வேண்டும்” என்ற குரலுக்குத்தான் கைதட்டல் அதிகம். பெரிய வியாபாரியைப் பிடிப்பதை யார் எதிர்த்தார்? ஆனால் பிடிபட்டு உள்ளே போகிறவர்களில் நம் முன்னாள் மாணவர்கள் எத்தனை பேர் வெறும் பாவனையாளர்கள்? அவர்களுக்குச் சிகிச்சையும் புனர்வாழ்வும் கிடைக்க 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் இருப்பதை எத்தனை பள்ளிவாசல் நிருவாகிகள் அறிவார்கள்? மது விலக்கு ஒரே நாளில் வரவில்லை, படிப்படியாகத்தான் வந்தது என்று சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அடிமைப்பட்ட மனிதனுக்குப் படி வேண்டும் என்பதை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படியிருந்தும் ஐஸ் பாவித்துப் பிடிபட்டவனை வீட்டுத் திண்ணையில்கூட இருக்க விடுவதில்லை. அந்தத் திண்ணையிலிருந்துகொண்டே புகைவிடுகிறோம்.

இச்சஞ்சிகை எழுத்தாளர்களின் சஞ்சிகை. ஆகவே நம்மவர்களிடமும் ஒரு வார்த்தை. நமது சிறுகதைகளைப் புரட்டிப் பாருங்கள். வெற்றிலை வாய் சிவந்த மூத்தம்மா என்றால் பாசம். சுருட்டோடு சாய்கதிரையில் இருக்கும் அப்பா என்றால் கம்பீரம். சிகரட்டோடு கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கும் இளைஞன் என்றால் சிந்தனையாளன். ஐஸ் பாவிப்பவன் என்றால் தாயை அடிக்கும் மிருகம், கடைசிப் பந்தியில் மௌத்து. இது யதார்த்தமா? பாக்குரலின் சத்தத்தை இவ்வளவு அழகாக எழுதிய நாம், தாடையில் கட்டுப் போட்டுக்கொண்டு கஞ்சி குடிக்கும் மூத்தம்மாவை ஏன் எழுதவில்லை? ஊர்மணம் என்ற பெயரில் நாம் விளம்பரம் எழுதிக் கொடுத்திருக்கிறோம், காசு வாங்காமல். வட்டாவை இலக்கியத்திலிருந்து தூக்கி எறியச் சொல்லவில்லை. அதற்குள் இருப்பதையும் சேர்த்து எழுதச் சொல்கிறேன்.

செய்யக்கூடியவை சில. பள்ளிவாசல் நிருவாகங்கள் வருடத்தில் ஒரு வெள்ளிக்கிழமையாவது ஜும்ஆவுக்குப் பின் பல் வைத்தியரை அழைத்து வாய்ப் பரிசோதனை நடத்தட்டும். இரத்ததான முகாம் நடத்தும் இயக்கங்களுக்கு இது பெரிய வேலையல்ல. கலியாண வீட்டில் வட்டா வைத்தே ஆக வேண்டுமென்றால் பேரீச்சம்பழமும் ஏலக்காயும் வைக்கட்டும். வந்தவரைக் கௌரவிப்பதுதானே நோக்கம்? சிகரட் வாங்கப் பிள்ளையை அனுப்புவதில்லை என்று பெற்றோர் கூட்டத்தில் தீர்மானிக்கட்டும். பாடசாலைக்கு அருகிலுள்ள கடைகளில் பாபுல் விற்பதில்லை என்று வர்த்தக சங்கம் முடிவெடுக்கட்டும். கடைக்காரரின் நட்டத்தைப் பற்றிப் பேச நானும் வருகிறேன். இரவு பத்து மணிக்கு வீட்டிலுள்ள எல்லாக் கைத்தொலைபேசிகளும் ஒரே மேசைக்கு வரட்டும், வாப்பாவின் கைத்தொலைபேசி முதலில். விட நினைப்பவரைக் கேலி செய்யாமல், விழுந்தால் திரும்பத் தூக்கிவிட இரண்டு பேராவது கூட இருக்கட்டும். விடுதலை பெரும்பாலும் முதல் முயற்சியில் வருவதில்லை.

மாறுபட்ட கருத்துள்ளோர் அடுத்த இதழில் தாராளமாக எழுதலாம். வெற்றிலையோ, சிகரட்டோ, கைத்தொலைபேசியில் காணொளி பார்ப்பதோ, எதை ‘வெறும் பழக்கம்’ என்று வாதிடப் போகிறீர்களோ, அதை மாத்திரம் ஏழு நாட்கள் விட்டுவிட்டு எட்டாம் நாள் பேனையை எடுங்கள். உங்கள் மறுப்பை வரிக்கு வரி வாசிக்க நான் தயாராக இருக்கிறேன்.